யாரு கேட்டா தம்பி?

2006-ஆம் வருஷம். மாமல்லபுரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாகத் தெருமுனை திரும்பும்போதே உளிச் சத்தம் காதில் விழும். அன்று விழவில்லை. சிற்பக்கூடத்தில் கல் இருந்தது, உளி இருந்தது, ஆள் இல்லை. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தைக் கையால தூக்க முடியலடா. முட்டியெல்லாம் கழண்டு போன மாதிரி இருக்கு."

சிக்குன்குனியா. பெயரில் 'சிக்' இருக்கிறதே என்று பயந்து கோழிக்கறியை நிறுத்தியவர்கள் எல்லாம் உண்டு அப்போது. பரப்பியது என்னவோ நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பிறந்த கொசுதான்.

அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழைய டாக்டர். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, திரை போட்ட ஒரு மூலை. பெஞ்சில் இடமில்லாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும், "எப்ப சார் ஆரம்பிச்சது இது?" என்று சும்மா கேட்டு வைத்தேன். மனிதர் மேஜை டிராயரிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். தேதி, பெயர், தெரு, என்ன உபாதை, எவ்வளவு ஃபீஸ். எல்லாம் ஒரு வரியில். விரலை வைத்துக்கொண்டே போனார். "இதோ, இந்த அம்மாதான் முதல்ல. அப்புறம் அதே தெருவுல நாலு பேர். அடுத்த வாரம் பக்கத்துத் தெரு. இப்ப ஊர் பூரா."

பேப்பரில் செய்தி வருவதற்கு முன்பே, கொசு மருந்து வண்டி வருவதற்கு முன்பே, அந்த நோட்டில் நோய் தெருத்தெருவாக நடந்து வந்திருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"யாரு கேட்டா, தம்பி?"

அந்த பதில் இன்றுவரை என்னை விடவில்லை. நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் அந்த நோட்டுக்கு டே புக் என்று பெயர். நாள்தோறும் நடப்பதை நடந்த வரிசையில் எழுதுவது. அதிலிருந்து பேரேட்டுக்குக் கணக்கைக் கொண்டு போகாவிட்டால் கடை லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்று முதலாளிக்கே தெரியாது. இந்த நாட்டில் காய்ச்சல், பேதிக்கான டே புக் ஆயிரக்கணக்கான சின்ன கிளினிக்குகளில் கிடக்கிறது. பேரேடு தலைநகரத்தில் இருக்கிறது. நடுவில் எடுத்து எழுதத்தான் ஆளில்லை.

அந்த 2006-இல் இந்தியா முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா இருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. அதனால் இறந்தவர்? ஏட்டில் பூஜ்யம். ஆனால் ஆமதாபாத் நகரின் இறப்புப் பதிவை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அந்த நாலு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 2,900 பேர் கூடுதலாக இறந்திருப்பதைக் கண்டார்கள். எல்லாச் சாவையும் சிக்குன்குனியா தலையில் கட்ட முடியாதுதான். ஆனாலும் பூஜ்யம் என்று எழுதிய கை கொஞ்சம் நடுங்கியிருக்க வேண்டாமா?

நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் என்ன செய்ய முடியும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் வென்ஸ்லிடேல் என்ற பள்ளத்தாக்கு. அங்கே வில்லியம் பிக்கிள்ஸ் என்று ஒரு நாட்டுப்புற டாக்டர். ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. யாருக்கு என்றைக்குக் காய்ச்சல், அதற்கு முன் அவர் யாரைப் பார்த்தார் என்று குறித்துக்கொண்டே வந்தார். 1929-இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. காலையில் படுக்கையில் கிடந்த ஒரு பணிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெண் மத்தியானமே எழுந்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு நாளிலிருந்து எண்ணி, நோய் தொற்றியபின் வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது என்று சொன்னார். ஊர் சின்னது, முகங்கள் தெரிந்தவை. அதனால் சாத்தியமாயிற்று. பெரிய நகரத்து நிபுணர்களால் முடியவில்லை.

அவருடைய புத்தகம் 1939-இல் வந்தது. நம் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதே 1939-இல்தான் வந்தது. இந்த நாட்டில் அப்படியொரு முழுமையான சுகாதாரச் சட்டம் அதற்கு முன் இல்லை. குறிப்பிட்ட தொற்றுநோயைப் பார்க்கும் டாக்டர் அதைச் சுகாதார அதிகாரிக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அங்கே நோட்டு, இங்கே சட்டம். அங்கே டாக்டர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் வாராவாரம் நோய்க்கணக்கு அனுப்பும் பழக்கத்தை அறுபதுகளிலேயே ஆரம்பித்து இன்றுவரை விடாமல் செய்கிறார்கள். ஃப்ளூ ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்த நாடு பார்ப்பது அந்தக் கணக்கில்தான்.

'அது வெள்ளைக்காரன் ஊரு, நமக்கு ஒத்து வருமா' என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. செங்கல்பட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூரில் வந்தது.

1980-களில் வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவருடைய சகாக்களும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு வேலை செய்தார்கள். அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்று பேதம் பார்க்காமல் எல்லாரிடமும் அச்சடித்த அஞ்சலட்டையைக் கொடுத்தார்கள். போலியோ, காலரா, மூளைக்காய்ச்சல், தட்டம்மை என்று சில நோய்கள் மட்டும். லேப் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு அப்படித் தோன்றினால் போதும், எழுதித் தபாலில் போடுங்கள். திட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'நதி' என்று வரும்.

நதி எப்படி ஓடியது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அட்டைகள் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து மாவட்டச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போகும். அத்தோடு நிற்காது. மாதம் ஒரு இதழ் அச்சடித்து அதே டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் மாவட்டத்தில் இந்த மாதம் இது வந்திருக்கிறது, இங்கே கூடியிருக்கிறது, கவனம். ஆம்பூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தான் போட்ட கார்டு குப்பைக்குப் போகவில்லை என்று தெரியும். பற்று ஒன்று இருந்தால் வரவு ஒன்று இருக்க வேண்டும், இரட்டைப் பதிவு என்று காலேஜில் தலையில் அடித்துச் சொல்லித் தந்தார்களே, அதுதான். ஆன செலவு ஆண்டுக்குத் தலைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இதையெல்லாம் 1998-இல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் அந்த முறையை எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்து வீட்டு மாம்பழத்தை அடுத்த ஊர்க்காரன் ருசி பார்க்கிறான். நாம் என்ன செய்தோம்?

2004-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்றை உலக வங்கிக் கடனில் ஆரம்பித்தது. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. எஸ் ஃபார்ம், பி ஃபார்ம், எல் ஃபார்ம் என்று மூன்று படிவம். கிராம சுகாதார நர்ஸுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரக் கணக்கு. 2021-இல் எல்லாம் கம்ப்யூட்டர் தளத்துக்கு மாறியது. இப்போது வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றன்றே ஏற்றலாம்.

குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை ஒரு ஒழுங்கு வந்தது நிஜம். ஆனால் காய்ச்சல் வந்தால் நீங்கள் எங்கே போகிறீர்கள்? 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், உடம்பு சரியில்லை என்று வைத்தியம் பார்த்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அரசாங்கத்துக்கு வெளியேதான் போயிருக்கிறார்கள். அந்த ஏழு பேரின் கணக்கு இந்தத் திட்டத்தில் மிகச் சொற்பம். பத்து வாடிக்கையாளரில் மூன்று பேரின் பில்லை மட்டும் கூட்டிவிட்டு ஐந்தொகை போடுகிற ஆடிட்டரை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?

டாக்டர்களும் உத்தமர்கள் இல்லை. டெங்கு என்று எழுதினால் பேஷன்ட் பயந்து வேறு இடம் போய்விடுவார், அதனால் 'வைரல் ஃபீவர்' என்று எழுதுபவர் உண்டு. அதிகாரிகள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒழுங்காக எண்ணும் மாவட்டம்தான் நோய் அதிகமுள்ள மாவட்டமாகப் பேப்பரில் வரும். மேலே இருந்து போன் வரும். எண்ணாதவருக்கு நிம்மதி.

ஆனால் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பது பொய். காசநோயைப் பாருங்கள். 2012-இல் தனியாரும் தெரிவித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 2018-இல் சிறைத் தண்டனைச் சட்டப் பிரிவுகளைக் காட்டி மிரட்டவும் செய்தார்கள். கூடவே, தெரிவித்தால் டாக்டருக்கு 500 ரூபாய் என்று ஊக்கத்தொகை வந்தது, வீடு தேடி வரும் பணியாளர் வந்தார். 2023-இல் நாட்டில் பதிவான சுமார் 25.5 லட்சம் காசநோயாளிகளில் ஏறக்குறைய 8.4 லட்சம் பேர் தனியாரிடமிருந்து வந்த பெயர்கள். மிரட்டல் பலித்ததா, ஆள் போய்க் கேட்டது பலித்ததா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

இதெல்லாம் ஏதோ புள்ளிவிவரப் பைத்தியம் என்று தோன்றினால், நம் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வாந்தி பேதியோடு முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உயிர்களும் போயின. குடிதண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். அப்படியில்லை என்றது அரசுத் தரப்பு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பேதி வந்தவர் யாரும் முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை, மறுநாள் தெருமுனை டாக்டர், அப்புறம்தான் ஆட்டோ. ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் பேதியோடு வந்தால் அந்த டாக்டருக்கு அன்று சாயங்காலமே மூக்கில் வேர்க்கும். அந்தச் சாயங்காலத்துக்கும் டி.வி. கேமரா வருவதற்கும் நடுவில் எத்தனை குடம் தண்ணீர் பிடிப்பார்கள்?

உண்ணிக் காய்ச்சல் இன்னும் மோசம். ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புதர், புல்வெளியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புத் தழும்பு இருக்கும், சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். டாக்ஸிசைக்ளின் என்று விலை மலிவான மாத்திரை, நேரத்தில் கொடுத்தால் கேட்கும். விட்டால் நுரையீரல், மூளை வரை போய் ஆளைக் கொல்லும். 2025 தொடக்கத்தில் பொதுச் சுகாதாரத் துறை இதைப் பற்றி எச்சரித்தபோது சொன்ன மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. அந்த எச்சரிக்கை திருக்கழுக்குன்றத்து டாக்டரின் மேஜைக்கு ஒரு தாளாக வந்து சேர்ந்திருந்தால், அடுத்த காய்ச்சல்காரரின் சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பார். வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் வேலூர்க்காரர்கள் அச்சடித்துத் தபாலில் அனுப்பிய மாத இதழுக்கு ஈடாக நம்மிடம் ஒன்றும் இல்லை.

போன மாதம் மாமல்லபுரம் போனேன். பழைய டாக்டர் இப்போது பிராக்டிஸை நிறுத்திவிட்டார். வீட்டு வாசலில் ஈசிசேர். என்னை ஞாபகமில்லை, சித்தப்பாவை ஞாபகமிருக்கிறது. அந்த நோட்டுகள் இருக்கின்றனவா, பார்க்கலாமா என்று கேட்டேன்.

"முப்பது வருஷ நோட்டு, தம்பி. ஒரு பீரோ நிறைய இருந்தது. வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டுப் போட்டுட்டாங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏம்மா, கிலோ எவ்வளவுக்கு எடுத்தான் அவன்?" என்று கேட்டார்.