முறையும் பொருளும்

முனைவர் பட்ட ஆய்வில் நெறியாளரின் பணி யாது? க. கைலாசபதியின் ஆய்வு இவ்வினாவிற்கு விடை தரும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின்கீழ் அவர் சங்கச் செய்யுளை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது.

ஓமர் காப்பியங்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைக்கொண்டு மில்மன் பாரி வகுத்த வாய்மொழிக் கொள்கையைக் கைலாசபதி புறநானூறு முதலியவற்றிற்குப் பொருத்தினார். உலக இலக்கியத்தோடு தமிழை ஒருங்குவைத்து எண்ணிய துணிவு போற்றத்தக்கதே. எனினும் ஓமர் காப்பியம் பல்லாயிரம் அடிகளால் இயன்றது. புறப்பாட்டோ பெரும்பாலும் சிற்றளவினது. பாடும்போதே நெடுங்கதை புனையும் பாணனுக்கு ஆயத்தத் தொடர்கள் இன்றியமையாதன. குறும்பாட்டிற்கு அத்தேவை குறைவு. எழுதவல்ல புலவரும் மரபுத் தொடரை ஆள்வர் அன்றோ? சங்கப் புலவர் எழுத்தறிந்தோர். பாணர் பாட்டை முன்மாதிரியாகக் கொண்டோர் என 1975இல் ஜார்ஜ் ஹார்ட் வாதிட்டார்.

ஆதலின், பிறர் முறையைக் கடன் கொள்ளும் மாணவர், அது பொருந்தும் இடத்தோடு பொருந்தா இடத்தையும் தம் ஏட்டிலேயே காட்டுதல் வேண்டும். நெறியாளர் மாணவரின் பொருள் முழுதும் அறிந்திருத்தல் அரிது. ஆனால், “உமது முடிவு தவறாயின் எச்சான்று அதனைக் காட்டும்?” என்று தொடக்கத்திலேயே வினவுதல் அவர் கடன். அவ்வினா எழாத ஆய்வேடு பட்டம் பெறலாம், நிலைபெறாது.