கைவேலை: ஓர் ஆம்ப்பும் சில சோல்டர்களும்

ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்றி அம்மாவிடம் காட்டினேன். வால்வுகளைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் எஸ்டேட் வீட்டில் இருந்த ரேடியோவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வால்வுகளைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, கேமராவைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கி, ஈயம் வைத்த இடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“இந்தா இங்க. கோல்ட் ஜாயின்ட். அடியில இன்னொன்னு இருக்கு பாரு. சூடு பத்தல.”

4,200 வெள்ளி கொடுத்து, ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய ஆம்ப் அது. நான் மின்னணுவியல் படித்தவன். மூன்று வாரமாக அதன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டும், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டும் இருந்தவன். எனக்கு அது தெரியவில்லை.

இதை ஒரு விமர்சனமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆகவே முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கித்தாரின் பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சைகையைப் பெரிதாக்கி ஸ்பீக்கரை அசைக்கும் பெட்டிதான் ஆம்ப். என்னுடையது 1955-க்கும் 1960-க்கும் இடையில் ஃபெண்டர் நிறுவனம் தயாரித்த டீலக்ஸ் ஆம்ப்பின் நகல். 5இ3 என்ற சர்க்யூட் எண்ணைச் சொன்னால் கித்தார்க்காரர்களுக்கு உடனே புரியும். பைன் மரப் பெட்டி, அதன்மேல் ட்வீட் துணி, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6வி6 வால்வுகள், சுமார் 12 வாட். நீல் யங் பல பத்தாண்டுகளாக வாசிப்பது 1959-ஆம் ஆண்டின் டீலக்ஸ் ஒன்றில்தான். அசலை வாங்க என் சம்பளம் தாங்காது. ஃபெண்டரே இன்று ‘கையால் வயர் செய்தது’ என்று சொல்லி அதன் மறுபதிப்பை விற்கிறது. அதுவும் தாங்காது. எனவே பட்டர்வொர்த்தில் ஓர் அண்ணனைப் பிடித்தேன். ஒரு காலத்தில் டிவி பழுது பார்த்தவர். இப்போது கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார். ராத்திரியில் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து வால்வு ஆம்ப் செய்கிறார், வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு.

ஒலி எப்படி? குறைந்த அளவில் வைத்து டெலிகாஸ்டரை மெல்ல மீட்டினால் தந்தியின் உலோகமும் விரலின் சதையும் தனித்தனியாகக் கேட்கின்றன. குமிழை நான்குக்கு மேல் திருகியதும் ஓரங்கள் கிழியத் தொடங்குகின்றன. (குமிழில் எண்கள் 12 வரை இருக்கின்றன. ஏழைத் தாண்டி ஒலி பெரிதாகக் கூடுவதில்லை, கிழிசல் மட்டும்தான் கூடுகிறது.) பலமாக அடித்தால் ஒலி ஒரு கணம் பின்வாங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. இதற்குக் காரணம் அப்படியொன்றும் கவித்துவமானது அல்ல. ரெக்டிஃபையர் வால்வும் சிறிய பவர் டிரான்ஸ்ஃபார்மரும் திடீரென்று கேட்கப்படும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் திணறுகின்றன, மின்னழுத்தம் சரிகிறது, வாசிப்பவனுக்கு அது மூச்சாகக் கேட்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டு சேனல்களில் ஒன்றில்தான் கித்தாரைச் செருகியிருப்போம், ஆனால் செருகாத சேனலின் குமிழைத் திருகினாலும் ஒலி மாறும். இன்றைய பொறியியல் மாணவன் தன் இறுதியாண்டுத் திட்டத்தில் இப்படி ஒன்றைச் செய்துகொண்டு போனால் விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைப்பார். எனக்கு இந்த ஆம்ப்பில் மிகப் பிடித்தது அதுதான்.

பிடிக்காதது, கீழ்ஸ்தாயி. நண்பனுடைய ஹம்பக்கர் கித்தாரைச் செருகிப் பலமாக வாசித்தால் அடித்தந்திகள் கஞ்சியாகக் குழைந்துவிடுகின்றன. அது என் ஆம்ப்பின் குறை அல்ல, சர்க்யூட்டின் சுபாவம். அசலிலும் அப்படித்தான். அசலிலும் அப்படி என்பதாலேயே அதை யாரும் குறையாக எழுதுவதில்லை. ‘வார்ம்’, ‘ஆர்கானிக்’, ‘ஆன்மா உள்ள ஒலி’ என்று மட்டும் எழுதுகிறார்கள். லியோ ஃபெண்டர் 1938-ல் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. அவர் விரும்பியது சுத்தமான ஒலி. நாம் இன்று காசு கொடுத்து வாங்கும் கிழிசல், அவர் குறைக்கப் பார்த்த குறை. சர்க்யூட்டும் ஆகாயத்திலிருந்து இறங்கியதில்லை. வால்வு தயாரிப்பாளர்களின் கையேடுகளில் அன்றைக்கு யாரும் பார்க்கக் கிடைத்த வடிவங்களிலிருந்து வளர்ந்ததுதான்.

அண்ணனோடு எனக்கு இரண்டு சண்டை வந்தது. முதலாவது டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்காவிலிருந்து பழைய அளவிலேயே சுற்றிய ஒன்றைத் தருவித்து, மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றோடு ஓட்டலாம் என்றேன். அவர் முடியாது என்றார். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்னழுத்தத்தை மட்டும் சரி செய்தால் போதாது. அலைவெண் குறையும்போது அதே இரும்பு உள்ளகம் 20 சதவீதம் கூடுதலான காந்தப்புலத்தைத் தாங்க வேண்டும். அதற்கு இடம் விட்டுச் செய்யாத டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி முனகும். இதை நான் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் ஆசை வந்துவிட்டால் பாடம் மறந்துவிடுகிறது.

இரண்டாவது சண்டை பலகைக்காக. அசலில் ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் மெழுகு ஏற்றிய கறுப்பு நார் அட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எனக்கு அதே அட்டைதான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். “தம்பி, அந்த அட்டை தண்ணி குடிக்கும்” என்றார் அண்ணன். நம்மூர் ஈரத்தில் அது ஈரத்தை உறிஞ்சும், முந்நூற்றுச் சொச்சம் வோல்ட் மெல்ல அட்டை வழியாகவே கசியும், வால்வு சரியாக இருந்தும் ஆம்ப் இரையும். கண்ணாடி இழைப் பலகைதான் போட்டார். பழைய ஆம்ப்புகள் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் இருக்கும். அதைக் கேட்கும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் முற்றவில்லை.

ஆக, என் ‘அசல்’ ஆம்ப்பில் டிரான்ஸ்ஃபார்மர் அசல் இல்லை, பலகை அசல் இல்லை, பிளக் அசல் இல்லை. வால்வுகள் ஸ்லோவாக்கியாவில் செய்தவை. மிச்சமிருப்பது ஒரு வரைபடமும் ‘கையால் செய்தது’ என்ற சொல்லும்தான்.

அந்தச் சொல்லைத்தான் விமர்சிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எலக்ட்ரானுக்குத் தான் கையால் இழுத்த கம்பியில் ஓடுகிறதா, அச்சிட்ட போர்டின் செம்புத் தடத்தில் ஓடுகிறதா என்று தெரியாது. இதே சர்க்யூட்டை இதே உதிரிகளோடு ஒரு நல்ல பிசிபியில் செய்து, கண்ணைக் கட்டிவிட்டு வாசிக்கச் சொன்னால் என்னால் வேறுபாட்டைச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. கைவேலையில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. பழுது பார்க்கலாம். ஒவ்வொரு உதிரியையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். நாற்பது வருடம் கழித்தும் யாரோ ஒருவர் திறந்து பார்த்து, என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் அதற்காக யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. ஒற்றை மனிதன், விளக்கு வெளிச்சம், பொறுமை என்று மனதில் ஓடும் ஒரு படத்துக்காகத்தான் கொடுக்கிறோம். நானும் கொடுத்தேன். இந்த இடத்தில் வால்டர் பெஞ்சமினை இழுத்து வருவது சுலபம். வேண்டாம்.

ஏனென்றால் அசல் டீலக்ஸ் அப்படிச் செய்யப்படவே இல்லை. அது தொழிற்சாலைப் பண்டம். ஃபுல்லர்டனில் வரிசையாகப் போட்ட மேசைகளில் உட்கார்ந்து அதை வயர் செய்தவர்கள் பெண்கள். பலர் மெக்சிகோ வம்சாவளியினர். வயர் செய்து முடித்ததும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தங்கள் முதற்பெயரை எழுதி உள்ளே ஒட்டிவிடுவார்கள். லில்லி, லூப்பே. இன்று பழைய ஆம்ப்பை வாங்குகிறவர்கள் அந்த டேப் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அசல் என்பதற்கு அது ஒரு சான்று. அந்தப் பெண்ணின் பெயருக்கு அதற்குமேல் எந்த வேலையும் இல்லை. சர்க்யூட்டை வரைந்தவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-ல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக மலேசிய அரசு அச்சிட்ட ஒரு கையேடு, கீழைத்தேயப் பெண்ணின் கைத்திறன் உலகப் புகழ் பெற்றது, அவள் கைகள் சிறியவை, வேகமாகவும் மிகக் கவனமாகவும் வேலை செய்வாள் என்று விளம்பரம் செய்தது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் வாசகம் அது. நான் முதலில் படித்தது பல்கலைக்கழகத்தில், கட்டாயப் பாடம் ஒன்றுக்காக. அன்றைக்கு மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். இந்த ஆம்ப் வந்த பிறகுதான் அது உறைத்தது. கையால் செய்தது என்பது இன்று விலையை ஏற்றும் சொல். அந்தக் கையேட்டில் கை என்பது, இங்கே சம்பளம் குறைவு என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லும் சொல்.

அம்மா அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் ‘டச்-அப்’ வேலை செய்தார். இயந்திரம் ஈயம் வைத்து அனுப்பும் போர்டுகளில் விட்டுப்போனதையும் தப்பாகிப்போனதையும் கையால் திருத்தும் வேலை. மூன்று ஷிஃப்ட். விடிகாலை பஸ் வரும் ஹாரன் சத்தத்தில்தான் நானும் தங்கச்சியும் எழுவோம். எத்தனை ஆயிரம் சோல்டர் வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். வீட்டில் அதை யாரும் கைவேலை என்று சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. தீபாவளிக்கு முறுக்கு பிழிவதைத்தான் கைவேலை என்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் வேலை, போர்டுகளைக் கேமரா வைத்துச் சோதிக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுதுவது. பல கோணங்களிலிருந்து வெளிச்சம் அடித்து, ஈயம் எப்படிப் பளபளக்கிறது என்பதை வைத்து நல்ல இணைப்பையும் கெட்டதையும் பிரிக்கும் இயந்திரம். அது வருவதற்கு முன் அந்த இடத்தில் அம்மா வயதுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரத்துக்குக் கோல்ட் ஜாயின்ட் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கிற எனக்கு, என் ஆம்ப்பில் இருந்த ஒன்று தெரியவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “நீ போர்டப் பாக்கலடா, ஆம்ப்பத்தான பாத்த” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னமும் முழுதாகப் பிடிபடவில்லை.

நான்காவது வாரம் ஆம்ப் கரகரத்தது. வாசிக்கும்போது இல்லை, சும்மா இருக்கும்போது. பெட்டியைத் தட்டினால் நின்று, மறுபடி வரும். அண்ணனைக் கூப்பிட்டேன். “வால்வா இருக்கும்” என்று புது வால்வு கொடுத்தனுப்பினார். மாற்றினேன். கரகரப்பு போகவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, அம்மா காட்டிய இடங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மா காட்டினார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா காட்டிய முதல் இணைப்பில் ஒன்றுமில்லை, பார்க்க மங்கலாக இருந்தாலும் உறுதியாகவே இருந்தது. இரண்டாவது, எர்த் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பித்தளைத் தகட்டில் இருந்தது. குச்சியால் மெல்லத் தள்ளியதும் ஆடியது. தகடு பெரியது, சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். சின்ன இரும்பை வைத்தால் ஈயம் மேலே உருகி உட்காரும், அடியில் பிடிக்காது. அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, “நூறு வாட்டாச்சும் வேணும்” என்றார். அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா எந்த ஃபேக்டரில இருந்தீங்க?”

அம்மா சொன்னார். அதன் பிறகு அரைமணி நேரம் நான் அங்கே தேவைப்படவில்லை. எந்த ஈயம் நல்ல ஈயம், ஈயமே இல்லாத சோல்டர் வந்தபோது கை எப்படித் தடுமாறியது, புகை, கண். அண்ணன் தன் பெரிய இரும்பை எடுத்து அவரிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, நீங்களே வையுங்கள் என்றார். அண்ணன் வைத்தார். அம்மா கைப்பேசியைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்து, தலையாட்டினார். கரகரப்பு நின்றுவிட்டது.

பலகையை மூடுவதற்கு முன், அண்ணன் உள்ளே மார்க்கரில் போட்டிருந்த கையெழுத்தை அம்மாவுக்குக் காட்டினேன். லில்லி, லூப்பே கதையையும் சொன்னேன். உங்கள் போர்டுகளில் பெயர் எழுதுவீர்களா என்று கேட்டேன்.

“பேரெல்லாம் எதுக்கு? ரிஜெக்ட் வந்தா யாருன்னு தெரியணும், அதுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவோம்.”

“என்ன நம்பர்?”

“2714” என்றார், யோசிக்காமல். பிறகு அண்ணனிடம், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.