காசு தேடுவோரும் இணையக் காப்பகங்களும்

கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசை அடையாளம் காண இன்று பெரிய நூலகம் தேடிப் போக வேண்டியதில்லை. அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஓசிஆர்இ’ தளத்தில் ரோமப் பேரரசின் காசு வகைகள் 40,000-க்கு மேல் உள்ளன. பேரரசர் பெயரையும் காசில் தெரியும் நாலைந்து எழுத்துகளையும் இட்டால் போதும். தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பவை இரண்டு வகை: அகஸ்டஸின் பேரன்கள் கேடயங்களோடு நிற்பது ஒன்று, திபேரியஸ் காசில் பெண்ணொருத்தி அமர்ந்திருப்பது மற்றொன்று. இரண்டும் நிமிடங்களில் பிடிபட்டுவிடும். கட்டணமும் இல்லை.

ஆனால் அந்தத் தளம் சொல்வது, காசு அச்சுக்கூடத்தை விட்டுக் கிளம்பும்வரை உள்ள வரலாற்றை. இங்கே வந்தபின் அதற்கு நேர்ந்ததை வகைப் பட்டியல் சொல்லாது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. தமிழகத்துக்கு முக்கியமான செய்தி அந்த வெட்டுதான். அதை அறிய, நாணயவியலாளர் ஜி. எஃப். ஹில் அக்காலத்திலேயே எழுதிய ஆய்விதழ்க் கட்டுரைக்குப் போக வேண்டும். அதில் ஊர்ப் பெயர் ‘புதுகோட்டா’. மதுரையை ‘மதுரா’ என்றும் திருநெல்வேலியை ‘தின்னவெல்லி’ என்றும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடத் தெரியாதவருக்குப் பாதிப் புதையல் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

சங்க காலச் சதுரச் செப்புக் காசை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் ஆழமானது. தென்னிந்தியக் காசுகள் பற்றிய வால்டர் எலியட்டின் நூல் 1880-களைச் சேர்ந்தது. லோவந்தாலின் திருநெல்வேலிக் காசுகள் நூல் 1888-இல் வந்தது. காட்ரிங்டன் இலங்கைக் காசுகளைப் பற்றி எழுதியது 1924-இல். பதிப்புரிமை தீர்ந்த இத்தகைய நூல்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் நம் அறிவு மாறியது அதற்குப் பிறகு. ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்துப் பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் அறிவித்தார். மாக்கோதை, கொல்லிப்புறை என்ற சேர மன்னர் பெயர்கள் பொறித்த காசுகள் அடுத்தடுத்து வெளிச்சத்துக்கு வந்தன. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிப்பதால், இந்தத் தலைமுறை ஆய்வுகளில் பெரும்பகுதி அச்சிலோ கட்டணச் சுவருக்குப் பின்னாலோ இருக்கிறது. இணையத்தை மட்டும் நம்புகிறவர் நூறாண்டுப் பழைய அடையாளத்தை இன்றைய முடிவென்று எடுத்துக்கொள்கிறார். அந்த அடையாளத்தோடே காசு கைமாறுகிறது.

காசு நூலுக்கு உயிர் அதன் படப்பக்கங்கள். எழுத்துக்காக மட்டும் கருப்பு–வெள்ளையில் வருடிய நூல்களில் படங்கள் மைத்திட்டுகளாகிவிட்டன. மீனா யானையா என்றே தெரியவில்லை. இன்னொரு இழப்பை யாரும் பேசுவதில்லை. பழைய நூல்கள் பலவற்றில் படங்கள் காசின் உண்மை அளவிலேயே அச்சானவை. அச்சுப் படத்தின் மேல் காசை வைத்து ஒப்பிடலாம். திரையிலோ ஒரு செ.மீ. காசும் உள்ளங்கை அகலம் காட்டும். எடையும் விட்டமும் தரப்படாத படத்தை வைத்து அடையாளம் சொல்வது ஊகம்தான்.

இருந்தும் இந்தக் காப்பகங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை இல்லாதவர் எட்டிப் பார்க்கக்கூட முடியாத ஆய்விதழ்கள், இன்று சிற்றூர்ச் சேகரிப்பாளரின் கைப்பேசிக்கே வருகின்றன. ரோமானியக் காசுக்கு அவற்றைத் தயங்காமல் நம்பலாம். தமிழ்க் காசுக்கு அவை தொடக்கம் மட்டுமே. அங்கே படித்த எதையும் 1980-க்குப் பிந்தைய ஆய்வு ஒன்றோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

நாணயவியல் கழகங்கள் தங்கள் பழைய ஆண்டிதழ்களைத் திறந்துவிட வேண்டும். சேகரிப்பாளர்களே, உங்கள் காசுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும்போது அருகில் அளவுகோல் வையுங்கள். எடையையும் கிடைத்த ஊரையும் கூடவே எழுதுங்கள்.