உண்டு உறைவிடப் பள்ளி: மீட்டுத் தரும் நேரமும் கேட்கும் விலையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திருவரங்கத் தீவையும் கொள்ளிடத்தையும் கடந்து, மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூருக்குச் சென்றால், அதற்கப்பால் எழும் பச்சமலையில் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளுக்காக அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் நடைபெறுகின்றன. மலையாளி என்பது இங்கு மலைவாழ் குடியொன்றின் பெயரேயன்றிக் கேரளத்து மொழியைக் குறிப்பதன்று. உணவு, தங்குமிடம், படிப்பு ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் கட்டணமின்றித் தருவது உண்டு உறைவிடப் பள்ளி.

இம்முறையின் நன்மையாகச் சோற்றையும் பள்ளிக்கு நடக்கும் தொலைவு மிச்சமாவதையுமே பலரும் முதலில் சொல்வர். ஆனால் பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அது தரும் பெருங்கொடை நேரமே. வீட்டிலிருந்து படிக்கும் சிறுமியின் விடியற்காலை தண்ணீர்க் குடத்திலும் விறகிலும் தம்பி தங்கையரைக் கவனிப்பதிலும் கரைகிறது. பெற்றோர் கூலிக்கு வெளியூர் போய்விட்டாலோ வீடே அவள் தலையில் விழுகிறது. விடுதியில் மணியோசைக்கு எழுந்து, முறைவைத்துக் குளித்து, ஒருத்திக்கு மற்றொருத்தி இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்டு, எவர்சில்வர் தட்டோடு வரிசையில் நிற்கும் அதே சிறுமி, மாலையில் புத்தகத்தோடு உட்கார எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சின்ன இலுப்பூரிலுள்ள இத்தகைய பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2024இல் ஜே.இ.இ. தேர்வு எழுதித் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். ஒருவரின் வெற்றி முறை முழுவதற்கும் நற்சான்று ஆகிவிடாது எனினும், அந்த மாலை நேரங்கள் இன்றி அது நிகழ்ந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

வீட்டிலிருந்து பிரித்தே பெண்ணைப் படிக்க வைக்க முடியும் என்னும் எண்ணம் பழையது. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுப்புறத்தில் இனாண்டாவில் 1869இலும் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கியது ஒரே அமெரிக்க மிஷன் சங்கமே. மதம் மாற்றும் நோக்கம் அரசுப் பள்ளிக்கு இல்லை. ஆனால் வீட்டை இடையூறாகவே காணும் பார்வை மட்டும் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. தாயிடமும் பாட்டியிடமும் சிறுமி கற்றிருக்கக்கூடிய கிழங்கு, கீரை, மழைக்குறி பற்றிய அறிவுக்குப் பாடவேளையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

செலவுக் கணக்கிலும் கஞ்சத்தனம் தெரிகிறது. நலத்துறை விடுதிகளில் பள்ளி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. முப்பது நாளுக்கு வகுத்தால் மூன்று வேளைக்கும் சேர்த்து 47 ரூபாய்கூடத் தேறாது. 2025இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் நல்ல பெயர்தான்.

இவற்றினும் பெரிய குறை, காவலையே பாதுகாப்பு என்று கொள்வது. வாயிற்கதவு பூட்டியிருக்கிறதா என்பது அன்றாடம் கவனிக்கப்படும் அளவுக்கு, மாதவிலக்கு நாளில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பது கவனிக்கப்படுவதில்லை. காப்பாளர்மீது உள்ள குறையைக் காப்பாளரிடமே சொல்ல வேண்டிய நிலையில் எந்தச் சிறுமியும் வாய் திறக்கமாட்டாள். புகார்ப் பெட்டியின் சாவி துறைக்கு வெளியே ஒருவரிடம் இருப்பதும், பெண் காப்பாளர் இரவில் வளாகத்திலேயே தங்குவதும் எந்த விடுதிக்கும் குறைந்தபட்சத் தேவைகள்.

மீட்டுத் தந்த நேரம் எதுவரை நீள்கிறது என்பதும் எடைபோட வேண்டியதே. கல்வியில் பின்தங்கிய வட்டாரப் பெண்களுக்காக நடுவண் அரசு 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா எட்டாம் வகுப்போடு நின்றது. 2018க்குப் பிறகே பன்னிரண்டு வரை நீள வழி பிறந்தது. பெண்ணின் திருமண வயது 18 என்பது சட்டம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடுதிக் கட்டிலைக் காலி செய்யும் நாளில் பெரும்பாலான மாணவியருக்கு வயது 17.