தாய்ப் பாசுரங்கள் எவர் பக்கம்?

திருவாய்மொழியில் ஸ்த்ரீபாவத்தாலே பேசும் பதிகங்கள் 27. அவற்றுள் மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3 என்பது பெரியோர் கணக்கு. இக்காலத்து உபந்யாஸங்களில் இவற்றை இரண்டு விதமாகக் கையாளக் காண்கிறோம். பெற்றோரைக் கடந்து நாயகனிடம் செல்வதற்கு ஆழ்வாரே சான்று என்பர் ஒரு சாரார். குடிப்பழிக்கு அஞ்சும் தாயைக் காட்டி மகளுக்கு அடக்கம் போதிப்பர் மற்றொரு சாரார். மாத்தூரில் அடியேனிடம் சந்தை சொல்ல வரும் இளையவர்களும், 'ஆழ்வார் திருவுள்ளம் எவர் பக்கம்?' என்றே கேட்கின்றனர். இரு சாராரும் பாசுரங்களைப் பாதியளவே நோக்கினர் என்பது அடியேன் கருத்து.

அழகியமணவாளப்பெருமாள் நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் இம்மூவரையும் ஆழ்வாருடைய ஞானத்தின் மூன்று நிலைகளாக நிர்வஹித்தருளினார். எம்பெருமானோடுள்ள ஸம்பந்தத்தை உணர்வது தோழி நிலை; அவனே உபாயம் என்று துணிந்திருப்பது தாய் நிலை; பேறு தாழ்க்கப் பொறாமல் பதறுவது மகள் நிலை. இதன்படி தாய் நாயகனுக்கு எதிரி அல்லள். அவன் தானே வருமளவும் இருக்கவேண்டும் என்பது அவள் துணிவு. இருக்கமாட்டாமை மகளின் ஆற்றாமை. இருவரும் பற்றுவது ஒருவனையே. வேறுபாடு விரைவில் மட்டுமே.

'இது ஸ்வாபதேசம், அந்யாபதேசத்தில் தாய் தடுப்பவளே அன்றோ?' எனில், அங்கும் அவ்வாறன்று. 6-5இல் தோழி, தொலைவில்லிமங்கலத்துக்கு இவளை அழைத்துச் சென்று காட்டியவர்கள் நீங்களே என்று தாய்மாரிடம் எடுத்துரைக்கிறாள். அப்பெருமானிடத்தில் மகளுக்குக் காதல் பிறக்க வழி செய்தவர்கள் தாய்மாரே. பிறந்தபின் அதை விலக்க அவர்களுக்கு வழக்கில்லை என்பது தோழியின் வாதம். 6-7இல் மகள் சொல்லாமலே புறப்பட்டுவிட்டாள். ஆயினும் அவள் சென்ற ஊர் திருக்கோளூரே என்று தாய் அறுதியிடுகிறாள். குடிக்கு வரும் பழியை எண்ணி வருந்துபவளும் அவளே. மகளின் நெஞ்சை ஐயமற அறிந்தவளும் அவளே. 7-2இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, இவள் திறத்தில் என்ன திருவுள்ளம் பற்றியிருக்கிறாய் என்று திருவரங்கனையே கேட்கிறாள். மகளுக்காக நாயகன் வாசலில் முறையிடுபவளைத் தடையாக நிற்பவள் என்பது எங்ஙனே?

தாய்மார் பிழையே செய்யார் என்பதும் இல்லை. 4-6இல் மகளின் நோய் இன்னதென்று அறியாமல் தேவதாந்தரத்தை நாடி வெறியாட்டு எடுக்கின்றனர். தோழி அதை விலக்கி, அடியார் பாததூளியே மருந்து என்கிறாள். அங்கும் அவள் மறுப்பது பரிஹாரத்தையே, தாய்மையை அன்று. மகள் பேச்சாகிய 5-5இலோ திருக்குறுங்குடி நம்பியைக் கண்டபின் தன்னை முனியும் தாய்மாரை நோக்கி, அவனைத் தன் நெஞ்சைக் கொண்டு பார்க்கும்படி வேண்டுகிறாள் பராங்குச நாயகி. உறவை அறுத்துக்கொள்பவள் இப்படி வேண்டாள்.

பெரியாழ்வார் திருமொழி 3-8இல் இது மிகத் தெளிவு. ஒரே மகளை எம்பெருமான் கொண்டு சென்றபின் தாய் கவலுவது அவளை இழந்ததற்காக மட்டுமன்று. மணச் சடங்குகள் முறைப்படி நடந்தனவோ, யசோதை மருமகளைக் கண்டு உகப்பாளோ, விடியுமுன் எழுந்து தயிர் கடைய மகளுக்கு வலிமை உண்டோ என்றெல்லாம் அவள் நெஞ்சு அங்கேயே செல்கிறது. மகளோடு தாயின் மனமும் நாயகன் வீட்டில் குடிபுகுந்துவிட்டது.

ஒன்றை இங்கே வரையறுக்கவேண்டும். பாசுரங்களில் நாயகன் ஸர்வேச்வரன்; அவனிடத்தில் குற்றம் காண இடமில்லை. உலகத்து வரனை ஆராயும் கடமை பெற்றோருக்கு உண்டு. ஆகவே எந்தக் காதலுக்கும் எந்தத் தடைக்கும் இப்பதிகங்களைப் பத்திரம்போல் காட்டுவது தகாது. கொள்ளத்தக்கது வேறு. பெற்றவர் கவலை உடைமை கைவிட்டுப் போகிறதே என்பதா, அவள் அங்கு நன்றாக இருப்பாளோ என்பதா? முன்னது எனில் அதற்கு ஆழ்வார் பாசுரத்தில் இடமில்லை. பின்னது எனில் அதைத் தன்னோடு கொண்டு செல்ல மகளும் கடமைப்பட்டவள். தாயாகவும் மகளாகவும் பேசியது ஒரே திருவாய். அதில் ஒரு பாதியை மட்டும் சந்தை சொல்வது அழகன்று.