வளர்கிற கம்பெனி, வராத டிவிடெண்ட்

எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் போன வாரம் ஓர் ஆண்டறிக்கையோடு வந்தார். விற்பனை ஏறியிருக்கிறது. லாபம் ஏறியிருக்கிறது. சேர்மன் போட்டோவில் சிரிப்புகூட ஒரு சுற்று பெருத்திருக்கிறது. டிவிடெண்ட் மட்டும் சைபர். ‘வளர்ச்சிக்காக லாபத்தைத் தக்கவைத்துக்கொள்கிறோம்’ என்று ஒரே ஒரு வரி.

“கம்பெனி வளருது, சந்தோஷம் சார். மாசா மாசம் மருந்துக்கடைக்கு நான் எதைக் கொடுக்கிறது?” என்றார்.

இப்படிக் கேட்டால் உடனே வாரன் பஃபெட்டைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். 1965-ல் பெர்க்‌ஷயர் ஹாத்வே அவர் கைக்கு வந்தது. 1967-ல் பங்குக்கு 10 சென்ட் கொடுத்தார். அதோடு சரி. 2025 கடைசியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து விலகும்வரை டிவிடெண்ட் என்ற பேச்சே இல்லை.

ஏன் என்பதை 2012-ம் வருஷத்துக்கான கடிதத்தில் பங்குதாரர்களுக்கு விளக்கினார். நீங்களும் நானும் சரிபாதி பார்ட்னர்கள். தொழிலின் நிகர மதிப்பு 20 லட்சம் டாலர். வருஷம் 12 சதவீத லாபம். நிகர மதிப்பைப் போல 125 சதவீத விலை கொடுத்துப் பங்கு வாங்க வெளியாட்கள் எப்போதும் ரெடி. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை டிவிடெண்டாக எடுத்தால் ஆளுக்கு 40,000 டாலர். அது வேண்டாம், வருஷம் 3.2 சதவீதப் பங்கை விற்றுக்கொள்ளுங்கள், முதலில் அதே 40,000 வரும் என்கிறார். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் விற்றவரின் சொத்து சுமார் 4 சதவீதம் கூடுதல்!

கணக்கில் தப்பில்லை. பி.காம். முதல் வருஷ மாணவனுக்கே புரியும்படி எழுதியிருக்கிறார். சிக்கல், ‘எப்போதும் ரெடி’ என்ற இடத்தில்தான். 125 சதவீத விலை கிடைக்கும்போது 40,000 டாலருக்காக நாம் விட்டுக்கொடுப்பது 32,000 டாலர் மதிப்புள்ள சொத்து. லாபம்தான். அதுவே மார்க்கெட் படுத்து, 80 சதவீத விலைதான் கிடைக்கிறது என்றால்? அதே 40,000-க்கு 50,000 டாலர் சொத்தை இழக்க வேண்டும். மார்க்கெட் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்க பஃபெட்டால் முடியும். மருந்துச்சீட்டு காத்திருக்காது.

இன்னொரு தூண், அந்த 12 சதவீதம். உள்ளே வைத்த பணம் 6 சதவீதம்தான் சம்பாதிக்கிறது என்றால் மொத்த வாதமும் சரிந்துவிடும். அதைவிட, பணத்தை நம்மிடமே கொடுத்திருக்கலாமே!

வரி விஷயத்தில் பஃபெட் பக்கம் நியாயம் உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து இங்கே டிவிடெண்டை நம் வருமானத்தோடு சேர்த்து, நம் வரி விகிதத்தில் கட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த லிஸ்டட் பங்கை விற்றால், வருஷத்தில் ஒண்ணேகால் லட்சம் ரூபாய் லாபம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு விற்பதே மேல்.

2014-ல், ‘நாங்கள் உங்களைப் போல் பெரும் கோடீஸ்வரர்கள் இல்லை, டிவிடெண்ட் கொடுங்கள்’ என்ற அர்த்தத்தில் பெர்க்‌ஷயரின் பங்குதாரர் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். பி பிரிவுப் பங்குகளில் ஆதரவு ஒன்று என்றால் எதிர்ப்பு 47. நாற்பது, ஐம்பது வருஷம் பணத்தைப் பெருக்கிக் காட்டிய ஆளுக்குக் கிடைத்த நம்பிக்கை அது.

நம்மூர்க் கம்பெனிகள் முடிவை மட்டும் கடன் வாங்குகின்றன, கணக்கை வாங்குவதில்லை. டிவிடெண்ட் கொள்கையை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று 2016-ல் பெரிய 500 கம்பெனிகளுக்கு செபி விதித்தது. 2021-ல் அது 1,000 ஆனது. தக்கவைத்த லாபத்தை எப்படிப் பயன்படுத்துவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். படித்துப் பாருங்கள். ‘விரிவாக்கம், நவீனமயம், எதிர்காலத் தேவைகள்’ என்கிற ரீதியில் போகும். சோப்புக் கம்பெனிக்கும் சிமென்ட் கம்பெனிக்கும் ஒரே பாட்டு. ஒரு நம்பர்கூடக் கண்ணில் படாது.

பஃபெட் தனக்கே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டவர். தக்கவைத்த ஒவ்வொரு டாலருக்கும் காலப்போக்கில் குறைந்தது ஒரு டாலர் மார்க்கெட் மதிப்பாவது கூடியிருக்க வேண்டும் என்று 1983-லேயே எழுதினார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் காட்டட்டும்.

வாத்தியாரிடம் ஐந்து வருஷ ஆண்டறிக்கைகளை எடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். வருஷா வருஷம் எவ்வளவு லாபம் உள்ளே வைத்தார்கள், அதே ஐந்து வருஷத்தில் கம்பெனியின் மொத்த மார்க்கெட் மதிப்பு எவ்வளவு ஏறியது? ஒரு கால்குலேட்டர் போதும். மதிப்பு அதிகமாக ஏறியிருந்தால் டிவிடெண்ட் கேட்டுச் சண்டை போட வேண்டாம். மருந்துச் செலவுக்கு ஒரு பகுதியை பேங்க் டெபாசிட்டில் போட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே விடலாம். ஏறவில்லையென்றால் கேட்க வேண்டியதுதான்.

கூட்டி முடித்துவிட்டார். இந்த வருஷ ஆண்டுப் பொதுக்கூட்டம் வீடியோவில்தான். பேசுவதற்குப் பெயரும் கொடுத்துவிட்டார். மூன்று நிமிஷம் தருவார்களாம்.

“முதல் ஒரு நிமிஷம் சேர்மனைப் பாராட்டணுமா சார்?” என்று கேட்டார்.

வேண்டாம், நேரா கணக்குக்குப் போயிடுங்க என்றேன்.