மானத்தின் விலை

பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் ஹாலி-எலயிலிருந்தும் பதுளை நீதிமன்றத்துக்கு இறங்கிவருவோர் பலதிறத்தினர். கடன், கைகலப்பு, எல்லைத் தகராறு, தாபரிப்பு என்று ஒவ்வொருவர் மடியிலும் ஒரு வழக்கு இருக்கும். இவற்றோடு, சட்டம் இடந்தரும் விசித்திரமான வழக்கு ஒன்றும் உண்டு. தன் மனைவியோடு உறவுகொண்ட அந்நிய ஆடவனிடம் கணவன் ரூபாய்க் கணக்கில் நட்டஈடு கேட்கும் வழக்கு அது. சென்றவளின் பெறுமதி எவ்வளவு? இக்கேள்வியைக் கூசாமல் கேட்கும் சட்டத்தைப் பரிசீலிப்பது நம் கடன்.

இலங்கையில் பிறர்மனை நயத்தல் தண்டனைக்குரிய குற்றமன்று. ஆயின், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம் அதனை ஒருவனின் மானத்துக்கு இழைத்த தீங்காகக் கொள்கிறது. மனைவியின் சோரத்தைக் காட்டிக் கணவன் மணமுறிவு கோரினால், அந்த ஆடவனையும் எதிராளியாகச் சேர்க்குமாறு 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விதித்தது. நட்டஈடு இரு கூறாக எண்ணப்படும். ஒன்று, வழக்காளி அடைந்த அவமானம். மற்றது, அவன் இழந்த துணை, அன்பு, இல்லற உதவி ஆகியன. இல்லறம் முன்பே சிதைந்திருந்தால் தொகை குறையும். கணவனே உடந்தையாயிருந்தால் வழக்கே நில்லாது.

தொகையை எப்படி மதிப்பிடுவது? 1920இல் இங்கிலாந்தில் பட்டர்வர்த் வழக்கில் நீதிபதி மக்கார்டி இதனை விரிவாக ஆராய்ந்தார். நட்டஈடு தண்டனை ஆகக்கூடாது, இழப்பை ஈடுசெய்வதாகவே இருக்கவேண்டும் என்றார் அவர். நல்ல கொள்கைதான். ஆனால் இழப்பை அளக்கப் புகுந்தபோது, மனைவியின் செல்வம், கணவனின் தொழிலுக்கு அவள் தந்த உதவி, வீட்டை நடத்தும் திறமை, அவளுடைய ஒழுக்கம் என்று பட்டியல் நீண்டது. கால்நடைச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை மிகச் சிறிதே.

இந்த அளவுகோலை ஊவாவின் லயங்களுக்குக் கொண்டுவருவோம். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓடி, கூடை சுமந்து கொழுந்தெடுத்து, அந்தியில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்புபவள் தோட்டத்துப் பெண். 1984 வரையில் அவளுடைய நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்தக் கூலியையும் பல குடும்பங்களில் கணவனே கைநீட்டி வாங்கினான். அவளுடைய உதவியின் பெறுமதியைப் பணத்தில் மதிப்பிட்டால் கிடைப்பது என்ன? அவளைச் சுரண்டியவர்கள் வகுத்த விலைதான். பங்களாவில் உடையும் இல்லறத்துக்கு ஒரு தொகை, லயத்தில் உடையும் இல்லறத்துக்கு வேறொரு தொகை. துயரம் ஒன்றாயிருக்க, தராசு இரண்டாகிறது.

மேலும், இழப்பை நிரூபிக்குமுன் மணத்தை நிரூபிக்கவேண்டும். தாலி கட்டி, உற்றார் அறிய வாழ்ந்தும் பதிவு செய்யாத மணங்கள் தோட்டங்களில் ஏராளம். வழக்காற்று மணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் சாட்சியும் வழக்கறிஞரும் தவணைகளும் வேண்டும். நீதிமன்றத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இழந்த நாள்.

இதற்கு மறுப்புரைப்பார் உண்டு. “கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் அதிகாரத்தால் ஏழையின் குடும்பத்தைச் சிதைக்கும்போது, அவனிடம் எஞ்சியுள்ள ஆயுதம் இதுவன்றோ?” என்பர். இந்த வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் சீரழிவைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதியது வெறுங் கற்பனைக்காகவன்று. ஆனால், அங்கே அநீதிக்கு ஆளானவர் யார்? அவளல்லவா? இந்தச் சட்டமோ அவளை விட்டுவிட்டு அவளுடைய கணவனின் மானத்தைப் பற்றி விசாரிக்கிறது. வற்புறுத்தப்பட்டவளுக்கு நியாயம் அவள் பெயராலேயே கிடைக்கவேண்டும். அதிகாரத்திலுள்ளவன் வேலைத்தலத்தில் செய்யும் பாலியல் தொந்தரவை 1995ஆம் ஆண்டின் தண்டனைக் கோவைத் திருத்தம் குற்றமாக்கியது. ஏழைக்கு ஆயுதம் வேண்டுமாயின் அதனைக் கூர்மையாக்குக. அவள் விரும்பியே சென்றிருந்தாலோ, அது மனமுடைந்த ஒரு கதை. கொள்ளைபோன ஒரு பொருளின் கதையன்று.

இதே உரிமையை மனைவிக்கும் வழங்கிவிட்டால் குறை தீருமா? தீராது. பெண்ணைச் சொத்தாக்கும் சட்டத்தின் பரிகாரம் ஆணையும் சொத்தாக்குவதன்று.

நம் இலக்கியத்தை நோக்குக. சிலப்பதிகாரத்தில் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என்று விலை கூறப்பட்டது மாதவியின் மாலைக்கு. கோவலன் பிரிந்த நாட்களில் கண்ணகி பட்ட வேதனைக்கு இளங்கோ விலை கூறவில்லை. பாண்டியன் அவையிலும் அவள் நட்டஈடு கேட்கவில்லை, நீதி கேட்டாள். விலைக்கும் நீதிக்கும் உள்ள தூரம் இதுவே.

உலகமும் இதனை மெல்ல உணர்ந்துவருகிறது. இங்கிலாந்து 1970இல் இத்தகைய நட்டஈட்டை ஒழித்தது. இந்தியாவில் 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் கணவனுக்கு அளித்த இவ்வுரிமை 2001இல் நீக்கப்பட்டது. நம்மைப்போலவே உரோமன் டச்சுச் சட்டத்தை மரபாகப் பெற்ற தென்னாபிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றமும் 2015இல் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

குடும்பம் உடையும்போது கணக்கிடவேண்டியவை உண்டு, மறுப்பதற்கில்லை. பிள்ளைகளின் சோற்றுக்கும் பள்ளிக்கும் யார் பொறுப்பு? இருவரும் உழைத்துச் சேர்த்தது யாரிடம் இருக்கும்? தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்ட அந்த ஒற்றைக் காம்பிராவில் இனி யார் குடியிருப்பார், யார் தெருவில் நிற்பார்? பதுளை நீதிமன்றம் ரூபாய்க் கணக்குப் பார்க்கவேண்டிய கேள்விகள் இவையே. இவற்றுக்கு விடை கிடைக்கட்டும். ஒரு மனுஷியின் மனத்துக்கு விலை எழுதும் பேரேட்டை நாம் மூடிவைப்போம்.